எத்தனை பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி மாவட்டம்?

இருநூறு முந்நூறு பிள்ளைகளே படிக்கும் ஒரு வட்டாரத்துக்குத் தனியாக ஒரு கல்வி நிர்வாகம் இருக்கலாமா? அதற்கென ஒரு வாரியம், ஒரு கண்காணிப்பாளர், தனி வரவு செலவுத் திட்டம், தனி வரி விகிதம் எல்லாம் வேண்டுமா? பக்கத்து ஊர்களோடு சேர்த்துவிடுவதுதான் பிள்ளைகளுக்கும் வரி கட்டுவோருக்கும் நல்லதா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே எழுந்துவிட்டது. கல்வியாளர்கள், பொருளியலாளர்கள், சமூகவியலாளர்கள், நீதிமன்றங்கள் என ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு காலத்தில் உறுதியான விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

அங்கே பள்ளி மாவட்டம் எனப்படுவது நம் வருவாய் மாவட்டம்போல மேலிருந்து வகுக்கப்பட்ட பிரிவு அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் அது ஒரு தனி உள்ளாட்சி அமைப்பு. ஊர் மக்கள் வாக்களித்து வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் கண்காணிப்பாளரை நியமிக்கிறது, ஆசிரியர்களை வேலைக்கு எடுக்கிறது, கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டடம் எழுப்புகிறது, பல இடங்களில் சொத்து வரியையும் விதிக்கிறது. பொதுப் பள்ளிகளின் மொத்தச் செலவில் கூட்டாட்சி அரசு தருவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டச் சரிபாதியாக ஏற்கின்றன. இந்த மாவட்டங்களின் அளவில் ஒரு சீர்மையும் கிடையாது. ஏறத்தாழ எட்டு லட்சம் மாணவர்கள் படிக்கும் நியூயார்க் நகரம் ஒரே மாவட்டமாகக் கணக்கிடப்படுகிறது. ஹவாய் மாநிலம் முழுவதுமே ஒரு மாவட்டம். மொண்டானாவிலோ ஓராசிரியர் பள்ளி ஒன்றை மட்டுமே நடத்தும் மாவட்டங்கள் இன்றும் இருக்கின்றன. நாட்டின் மாவட்டங்களில் ஏறத்தாழப் பாதியில் மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொடுவதில்லை.

1939-40 கல்வியாண்டில் அமெரிக்காவில் 1,17,000க்கும் அதிகமான பள்ளி மாவட்டங்கள் இருந்தன. 1970-71இல் அவை 18,000க்குக் கீழே வந்தன. இன்று எஞ்சியிருப்பவை 13,000 சொச்சம். 1929-30இல் ஏறத்தாழ 1,49,000 ஆக இருந்த ஓராசிரியர் பள்ளிகள் முப்பதே ஆண்டுகளில் 20,000 ஆயின. அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் இத்தனை பெரிய மாற்றம் இவ்வளவு குறைவாகப் பேசப்பட்டதில்லை.

இந்த விவாதம் நெடுகிலும் இரண்டு வேறு வேறு செயல்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. மாவட்டங்களை இணைப்பது ஒன்று, பள்ளியை மூடுவது இன்னொன்று. முதலாவதில் அலுவலகம் இடம் மாறுகிறது. இரண்டாவதில் பிள்ளை இடம் மாறுகிறது. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கு வாதமாக எடுத்துக்கொண்டதே பல தவறான முடிவுகளுக்கு வேராக இருந்திருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

சீர்திருத்தவாதிகள் கண்ட குறை

சிறு மாவட்டத்துக்கு எதிரான முதல் குரல் மாசசூசெட்ஸிலிருந்து வந்தது. அம்மாநிலத்தின் 1789ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்களைச் சிறு சிறு பள்ளி மாவட்டங்களாகப் பிரித்துக்கொள்ள இடம் தந்தது. 1837இல் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளரான ஹொரேஸ் மான், பொதுப் பள்ளிகளைப் பொறுத்தவரை அம்மாநிலம் இயற்றிய சட்டங்களில் மிகவும் கேடானது அதுவே என்று கருதினார். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில்கூட ஒரு பள்ளி நன்றாகவும் இன்னொன்று இடிந்த கொட்டகையாகவும் இருப்பதை அவர் கண்டார். எந்தப் பிள்ளைக்கு எப்படிப்பட்ட பள்ளி வாய்க்கும் என்பதை மாவட்ட எல்லைக்கோடு முடிவு செய்யக் கூடாது என்பதே அவர் வாதத்தின் சாரம். மாவட்ட முறையை மாசசூசெட்ஸ் 1882இல் முற்றாக ஒழித்தது. பத்தாண்டு கழித்து வெர்மாண்டும் அதையே செய்தது. இதற்கிடையில் 1869இல், பிள்ளைகளை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோகப் பொதுப்பணத்தைச் செலவிடலாம் என்று மாசசூசெட்ஸ் சட்டம் இயற்றியது. குதிரை வண்டியில் தொடங்கிய அந்த ஏற்பாடுதான் பிற்காலத்தில் மஞ்சள் பேருந்தாகி, இணைப்பு என்ற எண்ணத்தையே நடைமுறைச் சாத்தியமாக்கியது.

இருபதாம் நூற்றாண்டில் வாதம் நிறம் மாறியது. மான் பேசியது சமத்துவத்தை. அவருக்குப் பின் வந்தவர்கள் பேசியது திறமையை. அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1908இல் அமைத்த நாட்டுப்புற வாழ்க்கை ஆணையம் கிராமப் பள்ளியைச் சீரமைக்க வேண்டிய அமைப்பாகப் பார்த்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எல்வுட் கபர்லி 1914இல் எழுதிய நூலில், விவசாயிகளின் கையிலிருக்கும் பள்ளி நிர்வாகத்தைப் பயிற்சி பெற்ற கல்வி அலுவலர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். இந்தப் பார்வையின் உச்சம் ஜேம்ஸ் கோனன்ட். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரான அவர், சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விண்ணில் ஏறிய பதற்றம் அடங்கும் முன், 1959இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பற்றி ஒரு நூலை வெளியிட்டார். இறுதி வகுப்பில் குறைந்தது 100 பேராவது இல்லாத பள்ளியால் உயர் கணிதத்தையும் இயற்பியலையும் அயல்மொழியையும் கட்டுப்படியாகும் செலவில் நடத்த இயலாது என்பது அவர் கணிப்பு.

கோனன்டின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாற்பது பேர் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் ஒரே ஆசிரியர் வேதியியலும் உயிரியலும் கணிதமும் எடுப்பது இன்றும் நடப்பதுதான். ஆனால் அந்த 100 என்ற எண் ஒப்பாய்வில் தேறி வந்ததல்ல. அவர் சென்று பார்த்த பள்ளிகளிலிருந்து பெற்ற மதிப்பீடு அது. பள்ளி வாரியங்களும் மாநிலச் சட்டமன்றங்களும் அதை அறிவியல் அளவுகோலாக எடுத்துக்கொண்டன. டேவிட் டையாக் 1974இல் எழுதிய கல்வி வரலாறு, இந்தச் சீர்திருத்த அலையின் இன்னொரு முகத்தைக் காட்டியது: நிர்வாகத் திறமை என்ற பெயரில் அதிகாரம் ஊராரிடமிருந்து தொழில்முறை அலுவலர்களுக்கு நகர்ந்தது. வில்லியம் ஃபிஷல் 2009இல் இதற்கு மாறான விளக்கம் தந்தார். வகுப்பு வகுப்பாகப் பிரித்த பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் பரவலானபோது, தங்கள் ஓரறைப் பள்ளி பிள்ளைகளை அவற்றுக்குத் தயார் செய்யவில்லை என்று கிராமத்துப் பெற்றோரே உணர்ந்தார்கள். அப்படிப்பட்ட பள்ளி உள்ள ஊரில் நிலத்தின் மதிப்பும் சரிந்தது. ஆகவே மேலிருந்து திணித்ததைக் காட்டிலும் கீழிருந்து ஒப்புக்கொண்டதே அதிகம் என்கிறார் அவர். இரண்டு விளக்கமும் ஒரே காலத்தில் வெவ்வேறு மாநிலங்களில் உண்மையாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

செலவுக் கணக்கு

இணைப்புக்கு ஆதரவாக இன்று முதலில் வைக்கப்படுவது பண வாதம். அதற்கு வலுவான சான்றும் இருக்கிறது. வில்லியம் டன்கம், ஜான் யிங்கர் இருவரும் நியூயார்க் மாநிலக் கிராமப்புற மாவட்டங்களின் தரவைக் கொண்டு 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 300 மாணவர் உள்ள மாவட்டத்தின் எண்ணிக்கை இரட்டிப்பானால் மாணவர் ஒருவருக்கான நடைமுறைச் செலவு 61.7 விழுக்காடு குறைகிறது. 1,500 மாணவர் உள்ள மாவட்டத்தில் அது 49.6 விழுக்காடு. இணைந்த பிறகு வரும் மாற்றச் செலவுகளை, குறிப்பாகப் புதுக் கட்டடங்களுக்கான செலவைக் கழித்தால் நிகரச் சேமிப்பு முறையே 31.5, 14.4 விழுக்காடாக இறங்குகிறது. முந்நூறு மாணவர் அளவில் எஞ்சும் சேமிப்பு அப்போதும் சிறியதல்ல. இவ்விருவரும் மாத்யூ ஆண்ட்ரூஸும் 2002இல் எழுதிய மீளாய்வும் இதே திசையைக் காட்டியது: 500க்குக் கீழுள்ள மாவட்டம் 2,000 முதல் 4,000 வரை வளர்ந்தால் மிச்சம் உண்டு, 15,000ஐத் தாண்டினால் அளவே சுமையாகத் தொடங்கலாம்.

இந்த எண்களை மேற்கோள் காட்டுவோர் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஒன்று, ஆய்வு செய்யப்பட்ட இணைப்புகள் சுமார் ஒரு டஜன்தான். அவை ஊரார் வாக்களித்து, மாநிலத்தின் ஊக்கத்தொகையோடு நடந்தவை. கட்டாய இணைப்புக்கு அதே விளைவு வரும் என்று கொள்ள முடியாது. இரண்டு, இரு மாவட்டம் சேரும்போது ஆசிரியர் சம்பளம் வழக்கமாக இரண்டில் உயர்ந்த அளவுக்கே சமன் செய்யப்படுகிறது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேருந்தில் பிள்ளை செலவிடும் நேரம் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் செலவாகப் பதிவாவதில்லை. டீசலுக்கும் ஓட்டுநருக்கும் கணக்கு உண்டு. காலை ஆறு மணிக்கு எழுப்பி ஏற்றப்படும் ஆறு வயதுப் பிள்ளையின் தூக்கத்துக்குக் கணக்கு இல்லை.

மேற்கு வர்ஜீனியாவின் அனுபவம் இங்கே கூர்ந்து பார்க்கத்தக்கது. 1933ஆம் ஆண்டிலேயே அம்மாநிலம் ஏறத்தாழ 400 சிறு மாவட்டங்களைக் கலைத்து, கவுண்டி என்ற மாநில உட்பிரிவுக்கு ஒன்றாக 55 மாவட்டங்களை அமைத்துவிட்டது. நிர்வாகத்தைச் சேர்ப்பதால் வரும் மிச்சம் எதுவோ அது அன்றே வந்திருக்க வேண்டும். ஆனால் 1989இல் கட்டட நிதிக்கென ஓர் ஆணையம் அமைக்கப்பட்ட பிறகு, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 300க்கும் அதிகமான பள்ளிகள் மூடப்பட்டன. பெரிய கட்டடங்களுக்கே நிதி என்ற விதிமுறைகள் அதை விரைவுபடுத்தின. ஒரு வழிப் பயணம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 30 நிமிடமும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ஒரு மணி நேரமும் தாண்டக் கூடாது என்ற வழிகாட்டுதல் மாநிலத்தில் இருந்தது. சார்ல்ஸ்டன் கெஜட் நாளிதழ் 2002இல் வெளியிட்ட புலனாய்வுத் தொடர், மலைப்பாதைகளில் அதைத் தாண்டிப் பயணிக்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. உறுதியளிக்கப்பட்ட மிச்சம் வந்து சேரவில்லை என்றும், நிர்வாகப் பணியிடங்கள் குறையவில்லை என்றும் அத்தொடர் காட்டியது. மாவட்ட இணைப்பின் பொருளியலைப் பள்ளி மூடலுக்கு நியாயமாக்கியதன் விளைவு இது.

சிறிய பள்ளியின் பலம்

எதிர்த்தரப்புக்கு ஆய்வுத் தளம் அமைத்துத் தந்தவர்கள் உளவியலாளர்கள் ரோஜர் பார்க்கரும் பால் கம்பும். கன்சாஸ் மாநிலத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1964இல் அவர்கள் வெளியிட்ட நூல், சில டஜன் மாணவர்கள் உள்ள பள்ளியையும் இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பெரிய பள்ளியில் வாய்ப்புகள் அதிகம். ஆனால் ஒவ்வொரு மாணவரும் பங்கேற்பது சிறிய பள்ளியில்தான் அதிகம். இருபது பேர் உள்ள வகுப்பில் நாடகத்துக்கும் இசைக்குழுவுக்கும் பந்தாட்ட அணிக்கும் எல்லோரும் தேவைப்படுகிறார்கள். பின்தங்கிய மாணவரும் ஒரு பொறுப்பை ஏற்க வேண்டியிருக்கிறது. பெரிய பள்ளியில் அதே மாணவர் பார்வையாளர் வரிசையில் தங்கிவிடுகிறார்.

1970களில் ஜொனாதன் ஷெர், ரேச்சல் டாம்ப்கின்ஸ் ஆகியோர் இணைப்பால் சிக்கனம், திறமை, சமத்துவம் மூன்றும் கிட்டும் என்ற நம்பிக்கையையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். பின்னர் கிரெய்க் ஹௌலியும் உடன் ஆய்வாளர்களும் பல மாநிலங்களின் தேர்வு மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு, வறுமைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள பிணைப்பு சிறு பள்ளிகளிலும் சிறு மாவட்டங்களிலும் தளர்ந்திருப்பதாகக் கண்டார்கள். அதாவது சிறு அளவு யாருக்கு உதவுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஏழைப் பிள்ளைக்கு. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளி தீங்கு செய்ததாக அவர்கள் சொல்லவில்லை.

நீண்டகால விளைவைத் தொட்டவர்கள் கிறிஸ்டோபர் பெர்ரியும் மார்ட்டின் வெஸ்ட்டும். 1930க்கும் 1970க்கும் இடையே சராசரிப் பள்ளியின் அளவு 87 மாணவரிலிருந்து 440 ஆகவும், சராசரி மாவட்டத்தின் அளவு 170இலிருந்து 2,300 ஆகவும் உயர்ந்தது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் வளர்ந்து ஈட்டிய வருமானத்தை மாநிலவாரியாக ஒப்பிட்ட அவர்கள், சிறு பள்ளிகள் நிறைந்த மாநிலங்களில் படித்தவர்களுக்குக் கல்வியின் பலன் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். பெரிய மாவட்டத்தால் சிறிது நன்மை இருந்திருந்தாலும், பெரிய பள்ளியால் வந்த இழப்பு அதை விழுங்கிவிட்டது என்பது அவர்கள் முடிவு. மாவட்டத்தையும் பள்ளியையும் தனித்தனியாக அளந்த அரிய ஆய்வு இது. அதனாலேயே இதற்குக் கூடுதல் மதிப்புத் தரலாம்.

இந்தத் தரப்பிலும் ஓட்டைகள் உண்டு. மாநில அளவிலான சராசரியிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஊருக்கு முடிவு சொல்வது ஆபத்தானது. சிறு பள்ளி தக்கவைக்கப்பட்ட ஊர்கள் மற்ற ஊர்களைப் போன்றவையே என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதோடு, கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குத் தேவையான சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோர் சிறிய மாவட்டத்துக்குக் கிடைப்பது கடினம். சிறு பள்ளியைப் போற்றும் எழுத்துகளில் இந்தப் பிள்ளைகள் அபூர்வமாகவே தென்படுகிறார்கள்.

பள்ளி போனால் ஊர் போகுமா?

தாமஸ் லைசன் 2002இல் நியூயார்க் மாநிலச் சிற்றூர்களை ஒப்பிட்டார். பள்ளி உள்ள ஊர்களில் வீட்டு மதிப்பு அதிகம், ஊருக்குள்ளேயே வேலை பார்ப்பவர் அதிகம், அரசு உதவித்தொகையை நம்பியிருப்பவர் குறைவு. ஆலன் பெஷ்கின் 1970களிலும் 80களிலும் இல்லினாய் கிராமப்புறத்தில் தங்கி எழுதிய இரு நூல்கள், பள்ளி ஊரின் ஒரே பொது மேடையாக இருப்பதையும், இணைப்புச் சண்டையில் அண்டை ஊர்கள் தலைமுறைக் கணக்கில் பகைத்துக்கொள்வதையும் விரிவாகக் காட்டின.

இங்கே காரணமும் விளைவும் எளிதில் இடம் மாறும். பள்ளி மூடியதால் ஊர் தேய்ந்ததா, ஊர் தேய்ந்ததால் பள்ளி மூடியதா? பண்ணைகள் பெரிதாகி, இயந்திரம் வந்து, இளையோர் நகரத்துக்குப் போன பிறகுதான் பல பள்ளிகள் காலியாயின. லைசனின் ஒப்பீடு இதைப் பிரித்துக் காட்டவில்லை. ஊரின் நலத்துக்காகப் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. இரண்டும் மோதும் என்று முன்கூட்டியே முடிவு கட்டத் தேவையில்லை. ஆனால் மோதும் இடத்தில் பிள்ளையின் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கும்.

மதிலாகும் எல்லைக்கோடு

சிறிய மாவட்டம் என்றதும் பனி மூடிய வெர்மாண்ட் கிராமம் மட்டும் நினைவுக்கு வரக் கூடாது. பெருநகரங்களின் விளிம்பில் இருக்கும் பணக்காரப் புறநகரும் ஒரு சிறு மாவட்டம்தான். டெக்சஸின் சான் அன்டோனியோவில் 1967-68இல் எட்ஜ்வுட் மாவட்டம் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி விதித்தும் மாணவர் ஒருவருக்கு 26 டாலர்தான் திரட்ட முடிந்தது. அதே நகரத்து அலாமோ ஹைட்ஸ் 0.85 டாலர் வரியிலேயே 333 டாலர் திரட்டியது. முன்னதில் பெரும்பான்மையினர் மெக்சிக வம்சாவளியினர், பின்னதில் வெள்ளையர். எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மிலிக்கன் வழக்கில், டெட்ராய்ட் நகரப் பள்ளிகளின் இனப்பிரிவினையைப் போக்க 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தையும் அதே 5-4 கணக்கில் நிராகரித்தது. எல்லைக்கோடு அரசமைப்புச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது என்றே சொல்லலாம்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1972இல், இனப்பிரிவினையை ஒழிக்கும் ஆணை வந்தவுடன் தனி மாவட்டமாகப் பிரிந்து போக முயன்ற வர்ஜீனியாவின் எம்போரியா நகரை அதே நீதிமன்றம் தடுத்திருந்தது. ஆனால் அத்தகைய ஆணை இல்லாத இடங்களில் பிரிவினை தொடர்ந்தது. டென்னசியில் மெம்ஃபிஸ் நகர மாவட்டம் 2013இல் ஷெல்பி கவுண்டி மாவட்டத்தோடு இணைந்தது. 2014இல் ஆறு புறநகர்கள் தனித்தனி மாவட்டம் அமைத்துக்கொண்டு வெளியேறின. வெள்ளையர் மிகுந்த மாவட்டங்கள் வெள்ளையரல்லாதோர் மிகுந்த மாவட்டங்களைவிட ஆண்டுக்கு மொத்தம் 23 பில்லியன் டாலர் அதிகம் பெறுவதாக எட்பில்ட் அமைப்பு 2019இல் கணக்கிட்டது. இரு தரப்பிலும் மாணவர் தொகை கிட்டத்தட்டச் சமம்.

சிறு மாவட்டங்கள் பல இருப்பது போட்டியை உண்டாக்கித் தரத்தை உயர்த்தும் என்ற பொருளியல் வாதமும் உண்டு. கரோலின் ஹாக்ஸ்பி 2000இல், மாவட்டங்களுக்கு இயற்கை எல்லையாக அமைந்த ஓடைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மாவட்டப் பிரிவுகளை அளந்து இதை நிறுவ முயன்றார். 2007இல் ஜெஸ்ஸி ராத்ஸ்டைன் அதே கணக்கை வேறு விதமாகச் செய்து பார்த்தபோது அந்த விளைவு நிலைக்கவில்லை. இருவரின் சர்ச்சை முடிந்தபாடில்லை. இந்த ஒற்றை ஆய்வின்மீது கொள்கை எழுப்புவது பொருந்தாது.

ஆக, உள்ளூர் உரிமை என்ற அதே முழக்கம் ஓரிடத்தில் ஏழைக் கிராமத்தின் கேடயம், இன்னோரிடத்தில் பணக்காரப் புறநகரின் மதில். கிராமப்புற இணைப்பை எதிர்ப்போர் இதை நேர்மையாக எதிர்கொள்ளாதவரை அவர்கள் வாதம் முழுமை பெறாது. இணைப்பை ஆதரிப்போருக்கும் இதில் சங்கடம் உண்டு. இணைப்புச் சட்டங்கள் பெரும்பாலும் வலுவில்லாத கிராமங்களையே தேடிப் போயிருக்கின்றன, வலுவான புறநகர்களைத் தொட்டதில்லை.

ஆணையும் சம்மதமும்

ஆர்கன்சா மாநிலத்தின் கதையில் இந்த முரண்கள் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. மிசிசிப்பி டெல்டா பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் லேக் வியூ என்ற சின்னஞ்சிறு மாவட்டம் 1992இல் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பள்ளி நிதி முறை ஏழை மாவட்டங்களை வஞ்சிக்கிறது என்பது அதன் வாதம். 2002இல் மாநில உச்ச நீதிமன்றம் லேக் வியூவின் பக்கம் நின்றது. நிதி முறையைத் திருத்த வேண்டிய கட்டாயத்துக்கு ஆளான மாநிலம் கூடவே இணைப்பையும் கையில் எடுத்தது. ஆளுநர் மைக் ஹக்கபி 1,500 மாணவர் என்ற வரம்பை முன்வைத்தார். சட்டமன்றம் அதை 350 ஆக்கியது. இரண்டு ஆண்டு தொடர்ந்து 350க்குக் கீழிருக்கும் மாவட்டம் இன்னொன்றோடு சேர வேண்டும் என்ற 60ஆம் எண் சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் மறைந்த மாவட்டங்களில் லேக் வியூவும் ஒன்று. அது பார்ட்டன்-லெக்சா மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. நீதி கேட்டு வென்ற மாவட்டம் அந்த நீதியைத் தன் பெயரில் பெற முடியாமல் போனது.

அச்சட்டத்தால் இணைக்கப்பட்ட மாவட்டங்களை ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னாளில் ஆராய்ந்தார்கள். மாணவர் மதிப்பெண்ணில் விளைவு ஏதுமில்லை, அல்லது மிகச் சிறிய ஏற்றம். செலவு குறைந்ததற்கோ, வகுப்பறைக்குக் கூடுதல் பங்கு சென்றதற்கோ சான்று கிடைக்கவில்லை. இணைப்பை எதிர்த்தோர் அஞ்சிய சீரழிவும் வரவில்லை, ஆதரித்தோர் உறுதியளித்த மிச்சமும் வரவில்லை. 2015இல் மாநிலமே அந்த 350 வரம்பிலிருந்து விலக்குக் கேட்க வழிசெய்தது.

மற்ற மாநிலங்களிலும் கட்டாயம் பெரிதாகப் பலிக்கவில்லை. நெப்ராஸ்கா 2005இல் தொடக்கப் பள்ளி மட்டுமே உள்ள மாவட்டங்களைக் கலைக்கும் சட்டம் இயற்றியது. 2006 நவம்பரில் வாக்காளர்கள் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அதற்குள் மாவட்டங்கள் கலைந்து போயிருந்தன, அவை மீளவில்லை. மேய்ன் மாநிலம் 2007இல் ஏறத்தாழ 290 மாவட்டங்களை 80 ஆக்கத் திட்டமிட்டது. சேராத மாவட்டங்களுக்கு நிதி அபராதமும் வைத்தது. இலக்கு எட்டப்படவில்லை, சேர்ந்தவற்றுள் பலவும் பின்னர் பிரிந்தன. இதற்கு மாறாக, பென்சில்வேனியாவில் சென்டர் ஏரியா, மொனாக்கா என்ற இரு மாவட்டங்கள் தாமாகவே பேசி முடிவெடுத்து 2009இல் சென்ட்ரல் வேலி என ஒன்றாயின. அந்த இணைப்பு நிலைத்து நிற்கிறது.

அலுவலகத்தைப் பகிர்தல்

இணைப்புக்கும் தனிமைக்கும் நடுவே ஒரு பழைய வழி இருக்கிறது. நியூயார்க் 1948இல் உருவாக்கிய கூட்டுறவுக் கல்விச் சேவை வாரியங்கள், தொழிற்கல்வியையும் சிறப்புக் கல்வியையும் கணக்கு எழுதும் பணியையும் பல மாவட்டங்களுக்குச் சேர்த்துச் செய்கின்றன. அயோவாவில் இரு மாவட்டங்கள் ஒரே கண்காணிப்பாளரை வைத்துக்கொள்வதும், ஒன்று தொடக்க வகுப்புகளையும் மற்றொன்று மேல் வகுப்புகளையும் நடத்துவதும் வழக்கத்தில் உள்ளன. இந்த வழியின் குறை, பொறுப்பு யாருடையது என்பது மங்கிப்போவது. ஊரார் வாக்களிக்கும் வாரியத்துக்கும் சேவை தரும் அமைப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

வெர்மாண்ட் இந்தத் தேர்வை மிகுந்த வலியோடு எதிர்கொண்டது. 2015இல் இயற்றிய 46ஆம் எண் சட்டம் 900 மாணவருக்குக் குறையாத மாவட்டங்களை நோக்கி ஊர்களை நகர்த்தியது. முதலில் வரிச் சலுகை, பிறகு 2018இல் மாநில வாரியத்தின் கட்டாய ஆணை. இணைப்பு மாவட்டத்துக்குள் வந்த ரிப்டன் என்ற மலைக் கிராமம், தன் தொடக்கப் பள்ளியை மாவட்ட வாரியம் மூடிவிடுமோ என்று அஞ்சி 2021இல் விலக வாக்களித்தது. விலகினால் சிறப்புக் கல்வி, போக்குவரத்து, நிர்வாகம் அனைத்தையும் தானே ஏற்க வேண்டியிருந்தது. அதற்குத் துணை வர எந்த அண்டை அமைப்பும் முன்வரவில்லை. 2022இல் ரிப்டன் திரும்பிச் செல்ல வாக்களித்தது. அந்த ஊரால் பள்ளியை நடத்த முடிந்திருக்கும், மாவட்ட அலுவலகத்தை நடத்த முடியவில்லை. இரண்டையும் பிரித்துத் தரும் சட்ட ஏற்பாடு இருந்திருந்தால் வாக்கு வேறு மாதிரி அமைந்திருக்கலாம். 2025இல் வெர்மாண்ட் மறுபடியும் ஒரு பெரிய சட்டத்தை இயற்றி, இன்னும் பெரிய மாவட்டங்களை நோக்கிச் செல்கிறது.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துச் சிலவற்றை ஓரளவு உறுதியுடன் சொல்லலாம். சில நூறு மாணவர்களே உள்ள மாவட்டங்களின் அலுவலகப் பணிகளைச் சேர்ப்பதால் மிச்சம் வரக்கூடும். ஆயிரங்களைத் தாண்டிய பிறகு அந்த மிச்சம் வேகமாகக் கரைகிறது. தொடக்கப் பள்ளியை மூடித் தொலைவுக்கு அனுப்புவதால் கற்றல் மேம்படும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. உயர்நிலை வகுப்புகளில் பாடத் தேர்வு குறித்த கோனன்டின் கவலை இன்னும் உயிரோடிருக்கிறது. இணையவழி வகுப்பு அதை எந்த அளவுக்குத் தீர்த்திருக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

தீராதவை வேறு. பிறப்பு விகிதம் குறைவதால் 350க்கும் 900க்கும் கீழே விழும் மாவட்டங்கள் பெருகும். இன்று நியாயமாகத் தோன்றும் வரம்பு பத்தாண்டில் பாதி மாநிலத்தையே பிடித்துக்கொள்ளலாம். கிராமங்களுக்கு ஒரு விதியும் புறநகர்களுக்கு விலக்கும் தராத இணைப்புச் சட்டத்தை எந்த மாநிலமும் துணிந்து எழுதுமா என்பதும் தெளிவில்லை. ஆய்வுகளின் கால அளவும் குறுகியது. பெரும்பாலானவை இணைப்புக்குப் பின் சில ஆண்டுகளின் மதிப்பெண்ணையும் செலவையும் மட்டுமே பார்க்கின்றன. பெர்ரியும் வெஸ்ட்டும் செய்ததுபோல வளர்ந்தவர்களின் வாழ்க்கையை அளக்கத் தலைமுறைக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆர்கன்சாவில் 2004இல் முதல் வகுப்புக்குப் பேருந்து ஏறிய பிள்ளைகள் இப்போது முப்பதை நெருங்குகிறார்கள். அவர்கள் எவ்வளவு படித்தார்கள், எங்கே வாழ்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதை இணைக்கப்படாத அண்டை மாவட்டங்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் காலம் இப்போதுதான் வருகிறது.